பதம் பிரிக்கத் தெரிந்தவர்களும் குப்பை பிரிக்கத் தெரியாதவர்களும்

வைகையைப் பற்றிப் புலம்புவது தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களையொட்டி ஆண்டுதோறும் இவ்வகைக் கட்டுரைகள் பூத்துச் சொரிகின்றன. பரிபாடல் காலத்துப் புதுவெள்ளத்தில் தொடங்கி, திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் சற்று இளைப்பாறி, இன்றைய சாக்கடையில் வந்து முடிவது இவற்றின் வாய்பாடு. மண்டூக முனிவருக்குச் சாபம் நீங்கிய வண்டியூர் ஆற்றங்கரையில் இன்று ஒரு தவளைகூட உயிர் தரிக்க முடியாது என்பது போன்ற ஒரு முத்தாய்ப்பும் இருக்கும். நானும் இவற்றை விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இக்கட்டுரைகள் எவற்றிலும் ஒரு வாழைப்பழத்தோல்கூடக் கிடப்பதில்லை. ஆறு கெட்டது என்று எழுதுகிறோம். அதைக் கெடுத்த பொருள் எது, அது எந்த அடுக்களையிலிருந்து, எந்தப் பையில், யார் கையால் அங்கே போயிற்று என்று எழுதுவதில்லை. துயரம் இலக்கியமாகிறது, கத்தரிக்காய்க் காம்பு ஆவதில்லை.

2025-ஆம் ஆண்டு சூலையில் மத்திய அரசின் ஸ்வச் சர்வேக்ஷண் தரவரிசை வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆம் இடம். கூடல் நகரத்து மக்கள் இதை எதிர்கொண்ட விதத்தைக் கவனித்தால், மூன்று கட்சிகள் தெரிந்தன. கணக்கெடுப்பே பொய் என்றது ஒரு கட்சி. எல்லாம் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் செய்த கேடு என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிதான் படித்தவர்களின் கட்சி. அது சொன்னது: "குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள், மின்சாரம் எடுக்கிறார்கள், பேருந்து ஓட்டுகிறார்கள். ஓர் ஆலையை நிறுவினால் தீர்ந்தது." முதலிரு கட்சிகளோடும் எனக்கு வழக்கில்லை. ஒன்று ரோஷம், மற்றொன்று பாதி உண்மை. என் வழக்கு மூன்றாவது கட்சியோடுதான். ஏனெனில் அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு அறிவியலுக்கு எதிரான ஒரு நம்பிக்கையை அது பரப்புகிறது.

எரிவாயு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இது ஒன்றும் மறைபொருள் அன்று. வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து, அவை எரிவதை 1776-இல் வோல்டா கண்டார். காற்றுப் புகாத இடத்தில் அழுகும் உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் படிப்படியாக உடைக்கின்றன. முதலில் பெரிய மூலக்கூறுகள் சிறியனவாகக் கரைகின்றன, அவை அமிலங்களாகின்றன, கடைசியில் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. இப்படிக் கிடைக்கும் வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. மாட்டின் முதல் இரைப்பையில் நாள்முழுதும் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆகவே எரிவாயுக் கலன் என்பது யந்திரம் என்பதைவிட வயிறு என்பதே பொருந்தும்.

வயிறு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். அதற்கு எதை ஊட்டுவது? சோற்றையும் காய்கறிக் கழிவையும் அளவோடு ஊட்டினால் செரிக்கும். ஒரே நாளில் கல்யாண வீட்டுச் சோறு முழுவதையும் கொட்டினால் அமிலம் மிகுந்து வயிறு புளித்துப்போகும். மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் புளிப்பில் பிழைக்கா. எலுமிச்சைத் தோல் மிகுந்தால் மந்தம். தேங்காய் நார் செரிக்காது. பால் பாக்கெட், ஷாம்பு உறை, பழைய பேட்டரி, பாத்ரூம் கழுவிய பினாயில், கட்டட இடிபாடு, சாக்கடைத் தூர்மண் ஆகியவற்றையும் சேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆலையை வாங்கினால் போதும் என்கிறவர்கள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த பசுவின் வயிற்றை அறுத்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்து உச்சுக் கொட்டியவர்களே. அதே உணவைத்தான் இரும்பிலும் சிமெண்டிலும் கட்டிய இன்னொரு பசுவுக்கு ஊட்டச் சொல்கிறார்கள்.

இது கற்பனை அச்சமன்று. இந்தியா இப்பாடத்தைப் பெரும் பணம் கொடுத்துப் பலமுறை படித்திருக்கிறது. டெல்லி திமார்பூரில் 1987-இல் டென்மார்க்கின் உதவியோடு குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டப்பட்டது. ஐரோப்பியக் குப்பை காகிதமும் அட்டையுமாக வறண்டது. நம் குப்பை ஈரமும் மண்ணுமானது. சில வாரங்களில் ஆலை நின்றது. ஈரக் குப்பைக்கு நெருப்பு உதவாது, செரிப்பே வழி என்று தெளிந்து, 2003-இல் லக்னோவில் 5 மெகாவாட் மின்சாரத்துக்கான எரிவாயு ஆலை எழுந்தது. வழி சரி, ஆனால் வந்து சேர்ந்த குப்பை கலந்த குப்பை. செங்கல்லும் மண்ணும் பிளாஸ்டிக்கும் விரவி வந்ததை ஆலையால் உண்ண முடியவில்லை. ஓராண்டு அளவிலேயே அதுவும் மூடப்பட்டது. நம் மாநிலத்திலேயே, 2005-இல் கோயம்பேடு சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைச் செரிக்கும் ஆலை அமைந்தது. சந்தைக் கழிவு ஓரளவு தூயது என்பதால் அது லக்னோவைப் போல உடனே படுத்துவிடவில்லை. நின்றும் ஓடியும் காலம் தள்ளியது. ஆனால் அச்சந்தையின் மொத்தக் கழிவில் அது உண்ணக்கூடியது ஒரு சிறு பங்குதான். மீதி வழக்கம்போல் லாரி ஏறி ஊருக்கு வெளியே போயிற்று.

"இந்தூரைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். 2022 பிப்ரவரியில் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கொள்ளும் ஆலை திறக்கப்பட்டது. அதன் முழுத்திறனில் நாளுக்கு 17,000 கிலோ அழுத்தப்பட்ட வாயு கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. படங்களில் நாம் பார்ப்பது ஆலையின் வட்டக் கலன்களை. பார்க்கத் தவறுவது, அவ்வாலைக்கு முன்பே ஐந்தாறு ஆண்டுகளாக அந்நகரத்தின் வீட்டு வாசல்களில் நடந்ததை. வீட்டிலேயே பிரித்த குப்பையை மட்டுமே வாங்கும் வண்டிகள், வண்டிக்குள்ளும் தனித்தனி அறைகள், பின்னாளில் ஆறு வகையாகப் பிரிக்கும் பழக்கம், மீறினால் தண்டம். வயிற்றுக்கு முன்னே கை பழகிற்று. நாமோ கையைப் பழக்காமல் வயிற்றைக் கட்டப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சலிப்புக் குரல் எழும்: "அதெல்லாம் நம் சனங்களிடம் நடக்காது சார்." இதைச் சொல்பவர் பெரும்பாலும் தம்மைச் சனங்களில் ஒருவராகக் கருதுவதில்லை என்பதைத் தனியே குறித்துக்கொள்கிறேன். இக்கூற்றே வரலாற்றுப் பிழை. இரண்டு தலைமுறைக்கு முன்னால் வண்டியூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கழுநீர்ப்பானை இல்லாத வீடு ஏது? அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில். வீட்டில் மாடு இல்லையென்றால் மாடு வைத்திருந்த வீட்டார் வந்து எடுத்துப் போவார்கள். அதில் ஒரு ஊசியோ முள்ளோ விழுந்துவிட்டால் மருமகளுக்கு அன்று முழுதும் பேச்சு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கத் தனியே. சாணமும் சருகும் எருக்குழிக்கு. சட்டமும் தண்டமும் வண்ணத் தொட்டிகளும் இல்லாமலே ஒரு சமூகம் மிகக் கறாராகப் பிரித்துக்கொண்டுதான் இருந்தது. பிரிப்பு நமக்குப் புதிதன்று, கலப்படம்தான் புதிது.

மொழியே இதற்குச் சாட்சி. குப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்ற பொருள் உண்டு. நெல்லும் உப்பும் குப்பைகளாகக் குவிந்து கிடந்ததைச் சங்கப் புலவர்கள் பெருமிதத்தோடு சொன்னார்கள். சிவகங்கை மாவட்டத்தில், சோமலெ பிறந்த ஊருக்கு நெற்குப்பை என்று பெயர். அப்பெயரை யாரும் இழிவென்று மாற்றவில்லை. இன்றும் நம் பக்கத்து உழவர், "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், அவர் கேட்பது எருவை. செல்வத்தையும் உரத்தையும் குறித்த ஒரு சொல், அருவருப்பைக் குறிக்கும் சொல்லாக எப்படி ஆயிற்று? பொருள் கெட்டதாலன்று, கலந்ததால். தனியே இருக்கும்வரை காய்த்தோல் எருதான், பால் உறை பிளாஸ்டிக்தான். இரண்டையும் ஒரே பையில் முடிந்து கட்டும் அந்தக் கணத்தில் இரண்டும் ஒருசேரச் சாகின்றன. குப்பை என்பது ஒரு பொருளே அன்று. நாம் செய்யும் ஒரு செயல்.

அந்தச் செயலின் பயனை யார் சுமக்கிறார்கள் என்பதே இவ்விவாதத்தின் உயிர்நாடி. நாம் முடிந்து கட்டிய பையை யாரோ ஒருவர் அவிழ்க்கிறார். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால், நாம் பிரிக்காததை இன்னொருவர் பிரிக்கிறார், அவ்வளவுதான். புளித்த குழம்புக்குள்ளிருந்து உடைந்த கண்ணாடியை, சோற்றுக்குள்ளிருந்து இரத்தத் துணியை, குழந்தையின் மலத்தோடு சுருட்டிய உறையை அவர் கை எடுக்கிறது. அந்தக் கை தமிழ்நாட்டில் எந்தச் சாதியின் கை என்று கேட்கவேண்டிய நிலையில் எவரும் இல்லை. மனித மலத்தை மனிதர் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் தடைசெய்தது. குப்பைப் பைக்குள் அது வேறு உருவில் வந்து சேர்வதைச் சட்டம் காணவில்லை. தகழியின் தோட்டியின் மகனை சுந்தர ராமசாமியின் தமிழில் படித்து நெகிழ்ந்தோம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-இல் பார்த்துத் தலைகுனிந்தோம். மறுநாள் காலை அதே பையில் அதே முடிச்சைப் போட்டோம். படித்தவர்களின் மூன்றாவது கட்சி ஆலையை இவ்வளவு விரும்புவது எதனால் என்பது இப்போது விளங்கும். ஆலை வந்தாலும் பிரிப்பவர் வேறொருவராகவே இருப்பார் என்ற உறுதியை அது தருகிறது. தம் கையில் படாமல் தம் குற்றம் மின்சாரமாகிவிட வேண்டும் என்பதே அவ்விருப்பத்தின் சாரம்.

இடமும் இதில் ஒரு சாதியைப் போலவே செயல்படுகிறது. மதுரையின் குப்பை நெடுங்காலமாக அவனியாபுரத்துக்கு அப்பால் வெள்ளக்கல்லுக்குப் போகிறது. காற்றுப்படாமல் மலைபோலக் குவிந்த குப்பைக்குள்ளும் மீத்தேன் ஊறத்தான் செய்கிறது. பிடித்து எரிக்க ஆளில்லாமல் வானுக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சில சமயம் அங்கேயே தீப்பற்றிக்கொள்கிறது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பன்னிரண்டு நாள் எரிந்து ஒரு நகரத்தையே மூச்சுத் திணற வைத்ததை நாம் மறந்திருக்க முடியாது. நகரம் உண்ட சோற்றுக்கு வெள்ளக்கல்லைச் சுற்றி வாழ்பவர்கள் ஏன் புகை குடிக்கவேண்டும்? இக்கேள்வியைக் கேட்க வண்டியூருக்கு ஒரு தனி உரிமை உண்டு. நகரத்தின் கால்வாய்களெல்லாம் வைகையில் கலந்தபின் ஆறு வந்து சேரும் கிழக்கு ஊர் அது. 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது அதுவும் நகரமாயிற்று. நேற்றுவரை நகரத்தின் அழுக்கை வாங்கிக்கொண்ட ஊர், இன்று தன் அழுக்கை இன்னொரு ஊருக்கு அனுப்பும் தகுதி பெற்றிருக்கிறது. நகரமாவது என்றால் இதுதான் போலும்.

வேறு வழி உண்டா? உண்டு, நமக்கு அருகிலேயே. கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையைப் பக்கத்துச் சிற்றூரான சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்து, இனி முடியாது என்றார்கள். நகரத் தெருக்கள் நாறின. அதன்பின் ஆலப்புழை ஒரு பேராலையைத் தேடி ஓடவில்லை. வீடுகளுக்குச் சிறு எரிவாயுக் கலன்களும் குழாய் உரக்கலன்களும், தெருமுனைகளில் உரத்தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் செம்மையாகக் கையாளும் உலக நகரங்கள் ஐந்தைக் குறிப்பிட்டபோது ஆலப்புழையும் அவற்றில் ஒன்றாக இருந்தது. அங்கே மாற்றத்தைத் தொடங்கி வைத்தது பொறியாளரின் வரைபடமன்று. லாரியை மறித்த ஊர்.

வண்டியூர்ப் பகுதிக்கு இது எட்டாத கனியன்று. வடக்கே மாட்டுத்தாவணியில் காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் இருக்கின்றன. நாள்தோறும் ஒரே வகையான, பிளாஸ்டிக் கலவாத கழிவை எளிதில் பெறத்தக்க இடங்கள். மேற்கே தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் முளைக்கும் தின்பண்டக் கடைகள், கோயில் மாலைகள், மண்டபங்களின் பந்திச் சோறு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு 35 பாகை அளவிலான வெப்பம் உகந்தது. குளிர்நாடுகளில் அதற்கெனக் கலனைச் சூடேற்றச் செலவழிக்கிறார்கள். ஐரோப்பாவின் பனியில் இருந்துகொண்டு ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் நகரம் கழிவு வாயுவில் பேருந்து ஓட்டுகிறது. மதுரை வெயிலில் நாம் கைகட்டி நிற்கிறோம்.

ஆனால் இதில் பொன் விளையும் என்று நான் சொல்லமாட்டேன். "குப்பையே செல்வம்" என்ற முழக்கம் ஆலை விற்பவர்களின் முழக்கம். கணக்கை நேர்மையாகப் போடுவோம். தலைக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ ஈரக் கழிவு என்று வைத்துக்கொண்டால் நாலாயிரம் பேருக்கு ஒரு டன். ஒரு டன் நல்ல உணவுக் கழிவு 80 முதல் 120 கன மீட்டர் வாயு தரும். சமையல் எரிவாயுக் கணக்கில் அது ஏறத்தாழ மூன்று சிலிண்டர். நாலாயிரம் பேர் ஒழுங்காகப் பிரித்தால் நாளுக்கு மூன்று சிலிண்டரும் சில தொட்டி எருக்கரைசலும்! ஒரு பள்ளியின் சத்துணவு அடுப்பு எரியும், சுற்றியுள்ள தோட்டங்களுக்கு உரம் கிடைக்கும், அவ்வளவே. இலாபம் இதில் இல்லை. வெள்ளக்கல்லுக்குப் போகாத அந்த ஒரு டன்தான் இதன் உண்மையான வருவாய். ஒருவர் கை புளித்த குழம்புக்குள் நுழையாமல் போனதே இதன் ஈவுத்தொகை. அதை ரூபாயில் எழுதினால்தான் ஏற்பேன் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

இவற்றையெல்லாம் முன்பே யோசித்த ஒருவர் நம் மாவட்டத்திலேயே வாழ்ந்தார். ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைத் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்குத் திருப்பாத பொருளாதாரம் கொள்ளைப் பொருளாதாரம் என்பதே அவர் சிந்தனையின் சாரம். ஜஷ்பாய் படேல் வடிவமைத்த சாண எரிவாயுக் கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களின் தொடக்கத்தில் கையிலெடுத்ததும் அச்சிந்தனை உலவிய சூழலில்தான். அதை நாம் "கோபர் காஸ்" என்று கேலிப் பெயராக்கி ஆசிரமத்தோடு மூட்டை கட்டிவிட்டோம். இன்று அதே வாயு ஆங்கிலப் பெயரோடும் அழுத்தக் குழாய்களோடும் திரும்பி வரும்போது கைதட்டுகிறோம்.

மாநகராட்சிக்குப் பொறுப்பில்லையா? நிச்சயமாக உண்டு. வீட்டில் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டும் காட்சி தமிழ்நாட்டின் எந்த நகரத்தாருக்கும் புதிதன்று. ஒருமுறை அதைக் கண்டவர் மறுமுறை பிரிக்கமாட்டார். பிரிக்கவேண்டும் என்று விதிகள் 2000-இலேயே சொல்லின. 2016-இல் இன்னும் உரக்கச் சொல்லின. விதி எழுதத் தெரிந்த அரசுக்கு இரண்டு அறை கொண்ட வண்டியை எல்லாத் தெருவுக்கும் அனுப்பத் தெரியவேண்டும். ஆலைக்கு முன் வண்டி. வண்டிக்கு முன் வாசல். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் எந்தத் திட்டத்துக்கும், அதை எக்கட்சி கொண்டுவந்தாலும், நாம் கைதட்டக்கூடாது. தொட்டவருக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் இல்லாமல் திறக்கப்படும் எந்த ஆலையும் நவீனமானதன்று.

கடைசியாக, இப்பக்கத்தைப் படிக்கும் நண்பர்களுக்கு. நாம் பதம் பிரிப்பவர்கள். சந்தி சேர்ந்து இறுகிக் கிடக்கும் பழைய அடியை எடுத்து, எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று சீர் சீராகப் பிரித்துப் பொருள் காண்பதை நம் தனித்திறமை என்று எண்ணுகிறோம். ஓர் ஒற்று இடம் மாறினால் பொருள் கெடும் என்று பக்கம் பக்கமாக வழக்காடுகிறோம். அத்தகைய நமக்கு, வெங்காயத் தோலையும் பால் உறையையும் இரண்டாகப் பிரிப்பது இயலாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பலாமா? நம் இலக்கியக் கூட்டங்களில் மேடையில் வைகை பெருகி ஓடுகிறது. அரங்கின் பின்புறம் காகிதக் கோப்பைகளும் வடையின் எச்சமும் சாம்பார் உறைகளும் ஒரே மூட்டையாகின்றன. கூட்டம் முடிந்தபின் அரங்கைக் கூட்டும் அம்மாவிடம் அம்மூட்டையைக் கொடுத்துவிட்டு, விளிம்புநிலை இலக்கியம் பற்றிய அடுத்த அமர்வின் தேதியை அறிவிக்கிறோம்.

அடுத்த சித்திரையிலும் வைகைக் கட்டுரைகள் வரும், வரட்டும். எழுதுகிறவர் தம் வீட்டு வாசலில் இரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறாரா என்று மட்டும் நான் கேட்பேன். இல்லையென்றால், பரிபாடலை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யச் சொல்வேன்.